காலையில் மட்டும் வலப்பக்கம்

என் தங்கையின் கணவர் அந்தக் காரைப் பற்றி முதல் தடவை சொன்னபோது நான் சிரித்தேன். இரண்டாம் தடவை சொன்னபோது பழமொழி ஒன்றை எடுத்துவிட்டேன். மூன்றாம் தடவை அவர் சொல்ல வரவில்லை. அதற்குள் கார் கோயில் வாசல் கம்பத்தில் மோதி நின்றுவிட்டது.

இரண்டு தடவையும் அவர் சொன்னது ஒன்றேதான். காலையில் பிரேக் போட்டால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது, பகலில் இழுப்பதில்லை. காலையில் இழுத்து மத்தியானம் இழுக்காத வண்டியை நான் பார்த்ததில்லை. உங்கள் வண்டிக்கு மணி பார்க்கத் தெரியுமா மாப்பிள்ளை என்று கேட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் பதில் பேசாமல் போய்விட்டார். என் வாய்க்குப் பயந்து பதில் பேசாமல் போகிறவர்கள் அந்த நாளில் நிறையப் பேர். அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

சிகடோகா ஊரிலிருந்து ஆற்றோரமாகப் பள்ளத்தாக்குக்குள் போகும் கப்பி ரோட்டில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கரும்பு மில் பட்டறையில் ஏழு வருஷம் வேலை கற்றுக்கொண்டு, மேஸ்திரியோடு சண்டை போட்டு வெளியே வந்து போட்ட கொட்டகை. காய்கறி லாரி, டாக்சி, டிராக்டர் எது நின்றாலும் என்னிடம்தான் வரும். அவன் கை வைத்தால் சரியாக இருக்கும் என்று ஜனங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அது மனப்பாடமாகியிருந்தது. மாப்பிள்ளையின் காருக்கும் அந்த மோதலுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பு நானே பிரேக் பார்த்துக் கொடுத்திருந்தேன். அதனால்தான் அவர் குறை சொன்னபோது எனக்கு அப்படிச் சுருக்கென்றது.

கார் பழைய இங்கிலீஷ் வண்டி, பல கை மாறி வந்தது. விடியற்காலையில் கத்தரிக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார், பிறகு பகலெல்லாம் ஆள் ஏற்றுவார். நிதானமாக ஓட்டுகிறவர். ஒரே ஒரு கெட்ட பழக்கம், நங்கோனா. கிறக்கம் தரும் ஒரு வேரை இடித்துத் துணியில் பிழிந்து, மரத்தாலத்தில் கரைத்து வைத்துக்கொண்டு சிரட்டை சிரட்டையாகக் குடிப்பது. இந்தத் தீவில் அதைத் தொடாதவன் குறைவு. நானும் கல்யாணம் கருமாதி என்றால் இரண்டு சிரட்டை வாங்குவேன். அவர் அப்படியில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இந்த மண்ணின் பழைய குடிகளான காய்வீத்திகளின் கிராமம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். என் தங்கை எத்தனை நாள் சோற்றை மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் எனக்கு எப்போதும் ஒரு கடுப்பு இருந்தது.

அவர்கள் பெண்ணுக்கு மூன்று வயதில் கடுங்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அப்போது மாப்பிள்ளை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். குழந்தை பிழைத்தால் மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன், நங்கோனாவைத் தொடமாட்டேன். குழந்தை பிழைத்துக்கொண்டது. இரண்டு வருஷம் மிதித்து முடித்திருந்தார். நான் எழுதுவது மூன்றாம் வருஷத்துக் கதை. வேண்டுதலைப் பாதியில் விட்டால் கொடுத்த பிள்ளையை ஆத்தா திருப்பிக் கேட்பாள் என்று என் தங்கை நம்பினாள். இப்போது நான் என்ன வேண்டுமானாலும் பேசலாம். அப்போது நானும் அதைத்தான் நம்பினேன்.

எங்கள் கோயிலில் தீ மிதிக்கிறவர்களுக்குப் பத்து நாள் முன்பே மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு வீட்டில் தங்கக் கூடாது, கோயில் கொட்டகையில்தான் படுக்கை. ஒருவேளைச் சாப்பாடு. கவுச்சி, சுருட்டு, நங்கோனா எதுவும் கிட்டே வரக்கூடாது. ஒருவன் சுத்தம் கெட்டு நெருப்பில் இறங்கினால் கூட இறங்குகிறவர்களின் காலும் சுடும் என்பார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் ஆளை நிறுத்தப் பூசாரிக்கு அதிகாரம் உண்டு. கையிலிருக்கும் கயிற்றை எல்லார் முன்னிலையிலும் அறுத்துவிடுவார். அறுத்த கயிற்றை அந்த வருஷம் மறுபடி கட்டுகிற வழக்கம் இல்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை விடியற்காலை. காப்புக் கட்டியவர்களில் வண்டி வைத்திருந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான், அதனால் பூவும் பாலும் வேப்பிலையும் கொண்டுவரும் வேலை அவருடையது. ஜூலை எங்கள் தீவில் குளிர்காலம், பள்ளத்தாக்கில் விடியற்காலை நன்றாகக் குளிரும். ஆற்றிலிருந்து பனி எழுந்து ரோட்டை மூடிவிடும். பூக்கூடைகளோடு வந்தவர், ஆற்றிலிருந்து குடம் எடுத்துக்கொண்டு ரோட்டோரமாக வந்த பெண்களைக் கோயில் வளைவில் கடைசி நேரத்தில்தான் பார்த்தார். பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் நேராக நிற்காமல் வலப்பக்கம் பாய்ந்து, ரோட்டைத் தாண்டிப் போய் வாசல் கம்பத்தில் இடித்தது. பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். ஒருத்தி விழுந்ததில் அவளுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

வண்டி இழுத்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். வண்டியா இழுத்தது, நங்கோனா இழுத்தது என்று யாரோ சொன்னார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவர் அக்கரைக் கிராமத்தில் நங்கோனா மரத்தாலத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். தீக்குழிக்கு நல்ல கட்டை கேட்கப் போனேன், விருந்தாளியை உட்கார வைத்தார்கள், நீட்டிய சிரட்டையைக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று மாப்பிள்ளை சொன்னார். கட்டை வந்து சேர்ந்தது உண்மை. சிரட்டையைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்த ஆள் இல்லை.

பூசாரி எனக்கு ஆள் அனுப்பினார். அவர் எங்கள் ஜனங்களின் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், அதிகம் பேசாதவர், பொய்யை மோப்பம் பிடிக்கிறவர் என்று பெயர். நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. காரின் வலது முன்பக்கத் தகடு நெளிந்து விளக்கு உடைந்திருந்தது, மற்றபடி ஓடியது. பூசாரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரோட்டில் மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். கார் கோடு போட்டதுபோல் நேராக நின்றது. டயரைப் பார்த்தேன், ஸ்பிரிங்கைப் பார்த்தேன், சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

வண்டி எப்படி என்று பூசாரி கேட்டார். காப்புக் கட்டியவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

"ஒரு கொறையும் இல்லீங்க," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்ட கேள்விக்கு அது போதும். ஆனால் நான் கை வைத்த வேலையைக் குறை சொன்ன மனுஷன் பத்தடி தள்ளி நிற்கிறார், என் தங்கை மூடி வைத்த சோறெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறது. "வண்டியக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. ஓட்டுனவரத்தான் கேக்கணும்," என்றேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். பிறகு குனிந்து தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டார். பூசாரி யோசித்துவிட்டு, நாளைக் காலையில் எல்லாரும் ஆற்றில் குளித்துவிட்டு வந்ததும் கயிற்றை அறுத்துவிடுவதாகச் சொன்னார். அதற்குள் வேறு சேதி இருந்தால் வரட்டும் என்றார். மைத்துனனே சொன்ன பிறகு வேறு சேதி எங்கிருந்து வரும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

காரை மாப்பிள்ளை வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு என் கொட்டகைக்கு வந்தேன். சாயங்காலம் தங்கை வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்து, சொல்வதற்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. வாசற்படியில் நின்றபடியே பேசினாள்.

"நீ பாத்தது மத்தியானம். அவரு சொல்றது காலையில. காலையில வந்து ஒருவாட்டி பாரு அண்ணே."

இரும்புக்குக் காலை என்ன, மாலை என்ன என்று கத்தினேன். அவள் புருஷனுக்குப் பரிந்துகொண்டு வந்ததற்கும் சேர்த்துக் கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டு, "நீ வரலன்னா நானே ஓட்டிப் பாக்கறேன்," என்றாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் சொன்னால் செய்வாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தப் பிடிவாதம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனேன். பனியில் மீசையெல்லாம் நனைந்துவிட்டது. குழந்தை அடுப்படியில் உட்கார்ந்து, இந்தத் தீவுப் பிள்ளைகள் பேசும் இந்தியில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்குத் தலை பின்னவேண்டும், எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் வரவில்லை. தங்கை புட்டியை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு என்னோடு காரில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் புட்டி என் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதே தவிர மண்டையில் ஏறவில்லை.

ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்து, முந்தின நாள் செய்ததுபோலவே ஸ்டியரிங்கை விட்டுப் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஸ்டியரிங் என் கைக்குச் சிக்காமல் சுழன்றது. கார் வலப்பக்கம் திரும்பி, ரோட்டைக் குறுக்கே கடந்து, கரும்புத் தோட்டத்து வாய்க்கால் விளிம்பில் போய் நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் உள்ளே விழுந்திருப்போம். தங்கை முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னால் திரும்பி, ரோட்டில் டயர் போட்ட கோட்டைப் பார்த்தாள்.  

மெதுவாக வீட்டு முற்றத்துக்கு ஓட்டி வந்தேன். ஆற்றில் குளித்து முடிக்க எட்டு மணியாகும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரை மணி நேரம் இருந்தது. முதலில் காற்று. இரண்டு முன்டயரிலும் சமமாக இருந்தது. டயரில் கோளாறு என்றால் டயர் போகும் பக்கம் இழுப்பும் போகும். ஆகவே இடது டயரை வலப்பக்கமும் வலது டயரை இடப்பக்கமும் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை மெதுவாகத்தான் மிதித்தேன். அப்போதும் வலப்பக்கமே போனது. ஆகவே கோளாறு டயரில் இல்லை. வலப்பக்கம் இழுக்கிறதே, வலது சக்கரத்தில்தான் எதுவோ சிக்குகிறது என்று அதன் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. மறுபடி மாட்டினேன்.  கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர்கள் ஆற்றுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பட்டறையில் முதல் வருஷம் கற்றுக்கொண்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுபடி ஒரு ஓட்டம் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் போட்டுவிட்டு வந்து, இறங்கியதும் டிரம்மைக் கையால் தொட்டேன். வலது டிரம் நன்றாகச் சூடேறியிருந்தது. இடது டிரம் காலைத் தண்ணீர்க் குடம்போல் ஜில்லென்று இருந்தது.

பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று நின்று மற்றொன்று நிற்காவிட்டால், வண்டி நிற்கிற மாட்டின் பக்கம்தான் திரும்பும். வலது சக்கரம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிடிக்காமல் ஓடியது இடது சக்கரம். இரண்டு வாரத்துக்கு முன்பு நான் பிரித்து மாட்டியது அதே இடது சக்கரத்தைத்தான்.

தங்கையைக் காரில் உட்கார்ந்து பெடலை மிதிக்கச் சொன்னேன். நான் இடது சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, எண்ணெய் வெளியேறும் சின்னத் திருகைத் தளர்த்தினேன். பெடலை மிதித்தால் அங்கே பிரேக் ஆயில் பீச்சி அடிக்க வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. பலமாக மிதி என்றேன். அவள் எழுந்து நின்று மிதித்திருப்பாள் போலிருக்கிறது, கார் ஆடியது. அப்போது அந்தத் துளையிலிருந்து வெள்ளையாக, கெட்டியாக, இடியாப்ப இழைபோல் ஏதோ மெல்ல வெளியே வந்து என் உள்ளங்கையில் சுருண்டது. மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

எல்லாம் ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அன்றைக்கு இடது சக்கரத்துச் சிலிண்டரில் ரப்பர் போயிருந்தது. புது ரப்பர் போட்டேன். பிரேக் ஆயில் டின்னில் கொஞ்சம்தான் மிச்சம். அவசரத்துக்கு விளக்கெண்ணெய் ஊற்றலாம் என்று மில் பட்டறையில் கற்றிருந்தேன். வீட்டில் விளக்கெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. கதவுக் கீல், தையல் மிஷின், வெட்டுக்கத்தி, தலை, வெட்டுக்காயம் எல்லாவற்றுக்கும் நாங்கள் தேங்காய் எண்ணெயைத்தானே போடுகிறோம்? சிலிண்டரையும் அதற்கு வரும் குழாயையும் தேங்காய் எண்ணெயால் நிரப்பி, மேலே பிரேக் ஆயிலை ஊற்றி மூடினேன். உச்சி வெயிலில் ஓட்டிப் பார்த்தபோது அருமையாகப் பிடித்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அடுத்தவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது அடுப்படியில் சிணுங்கிய குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"என்னா வந்துச்சு?" என்று தங்கை மேலேயிருந்து கேட்டாள்.

நான் கையை மூடிக்கொண்டேன். ஒன்றுமில்லை, இன்னொரு தடவை மிதி என்றேன்.

அந்த இரண்டு மூன்று நிமிஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. மரங்களுக்கு மேலே பனி கலைந்து வெயில் முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. என் கைச்சூட்டில் வெள்ளை கரைந்து மணிக்கட்டு வழியாக வழிந்தது. பேசாமல் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரத்தில் சிலிண்டருக்குள் இருப்பதும் உருகிவிடும். பிறகு எவன் வந்து பார்த்தாலும் வண்டி நேராக நிற்கும். நாளைக்கு எல்லாவற்றையும் கழுவி நல்ல ஆயில் ஊற்றிவிட்டால் என் கை வைத்த வேலை என்றைக்கும் சரியான வேலைதான். முறிந்த மணிக்கட்டு என் கணக்கில் வராது. மாப்பிள்ளையின் கயிறு போகும். அடுத்த வருஷம் கட்டிக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

குழந்தை எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தாள். எண்ணெய் உருகிவிட்டது, தலை பின்னிவிடு என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அப்பா நெருப்பில் நடப்பதைப் பார்க்கப் போகிறோம் என்று என்னிடமும் சொன்னாள்.

எழுந்து தங்கையிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவள் பார்த்தாள், மோந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஓடிப்போய் ஒரு பித்தளை டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். மறுபடி மிதித்து, இருந்த மிச்ச வெள்ளையை அதில் வழித்துக்கொண்டேன். அவளைக் குழந்தையோடு பின்னால் நடந்து வரச் சொல்லிவிட்டு ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் ஹேண்டில்பாருமாகச் சைக்கிளை மிதித்தேன்.

நான் போய்ச் சேரும்போது அவர்கள் ஈரத் துணியோடு வரிசையாக நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை வரிசையில் இல்லை, தனியாகப் பூசாரிக்கு எதிரில் நின்றார். பூசாரி கையில் சின்னக் கத்தி இருந்தது. நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே சைக்கிளைக் கீழே போட்டேன். டம்ளரை நீட்டினேன். வெயிலிலும் என் கைச்சூட்டிலும் உள்ளே இருந்தது முழுக்க உருகிவிட்டிருந்தது. பார்ப்பதற்குக் கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான்.

தப்பு என் கையில்தான் என்று மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பூசாரி டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து ஒரு வார்த்த சொன்ன. இன்னிக்கு ஒரு வார்த்த சொல்ற. நேத்து சொன்னதுக்கு வண்டி சாட்சி, நானே பாத்தேன். இதுக்கு யாரு சாட்சி?"

தங்கைக்காகப் பேசுகிறான் என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். பொய்யென்று நினைக்கிறார்கள். முந்தின நாள் பொய்யான வார்த்தையைச் சொன்னபோது அப்படியே நம்பினார்கள்.  

சன்னிதிக்குப் பக்கத்து நிழலில், கரகத்துக்காக இரவெல்லாம் திறந்தவெளியில் வைத்த பெரிய தவலையில் தண்ணீர் இருந்தது. விரலை விட்டால் விறைக்கும் தண்ணீர். கேட்காமலேயே போய் டம்ளரைக் கழுத்தளவு அதில் இறக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கரகத் தண்ணீரில் கை வைத்துவிட்டானே என்று ஒரு கிழவி ஆரம்பித்தாள். பூசாரி கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பம்பைக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஈரத் துணியில் நின்றவர்களுக்கு உடம்பு நடுங்கியது. என் விரல்கள் மரத்துப்போயின. எண்ணெய் தெளிவாகவே இருந்தது. பெற்றவளை வேண்டினேன், மாரியாத்தாளை வேண்டினேன். ஒரு டம்ளர் எண்ணெய் உறையவேண்டும் என்று உலகத்தில் வேறு யாராவது வேண்டிக்கொண்டிருப்பார்களா தெரியாது. பிறகு டம்ளரின் ஓரத்தில் மூடுபனிபோல் லேசாகக் கலங்கியது. அந்தக் கலங்கல் நடுவுக்குப் பரவியது. பூசாரி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். முழுக்க வெள்ளையானதும் டம்ளரை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இத எல்லாருக்கும் கேக்கறமாதிரி சொல்லு," என்றார்.

எழுந்து நின்று தமிழில் சொன்னேன். பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வரிசையில் நின்ற வாலிபர்கள் விழித்தார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் சாமி கும்பிடும்போது மட்டும் காதில் விழுகிற பாஷை. இந்தியிலும் சொல் என்றார் பூசாரி. மறுபடி முதலிலிருந்து இந்தியில் சொன்னேன். பிரேக்கில் தேங்காய் எண்ணெய் ஊற்றியது நான். வண்டி இழுக்கிறது என்று இரண்டு தடவை சொன்னவரைப் பரிகாசம் செய்து அனுப்பியது நான். நேற்று இதே இடத்தில் அவர்மேல் பழி போட்டது நான். தமிழில் சொன்னபோது எப்படியோ சமாளித்தேன். இரண்டாம் தடவை சொல்லும்போது, அடுத்து என்ன சொல்லவேண்டும் என்று தெரிந்தே சொல்லவேண்டியிருந்தது. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த அந்தப் பெண் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிவரை அவளுக்கு அந்தக் கை முழுக்க மடங்கவே இல்லை.

பூசாரி ஒரு மாலையை எடுத்து மாப்பிள்ளையின் கழுத்தில் போட்டார். அவர் போய் வரிசையில் நின்றுகொண்டார். அப்போதுதான் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குள் வந்தாள். தூரத்திலிருந்தே மாலையைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். முந்தின நாள் நான் எதிர்பார்த்த அழுகை அது.

சாயங்காலம் அக்கரைக் கட்டைகள் நன்றாகத் தணலாகியிருந்தன. மாப்பிள்ளை நாலாவதாக இறங்கினார். அவசரமில்லாமல், ரோட்டில் நடப்பதுபோல் நடந்து கடந்தார். குழந்தை என் தோளில் உட்கார்ந்து என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான் பார்க்கவில்லை. அவர் தீக்குழியின் மறுமுனையில் பால் ஊற்றிய குழிக்குள் கால் வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

கூட்டம் கலைந்தபிறகு அவர் என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நாளெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை, விசாரிக்கிற குரலில்தான் பேசினார்.

"ரெண்டு நாளா வண்டியத் தொட்டுப் பாத்தீங்க, ஆட்டிப் பாத்தீங்க, மோந்தும் பாத்தீங்க. நேத்து பத்தடியில நின்னேன். என் வாய ஒருவாட்டி மோந்து பாத்திருக்கலாமே மச்சான்."

நங்கோனா குடித்தவன் வாயில் அந்த மண்வேர் வாசனை மறுநாள்வரை போகாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை.  அவர் குழந்தையை என் தோளிலிருந்து வாங்கிக்கொள்ளக் கிட்டே வந்தார். அவர் மூச்சில் பத்து நாள் விரதத்தின் வாடையும் வேப்பிலைக் கசப்பும் இருந்தன, வேறு ஒன்றும் இல்லை.